மாநகராட்சியில் விதி போடுவது யார், அமல்படுத்துவது யார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் மாடு படுத்திருந்தாலும், பக்கத்து மனைக்காரர் அனுமதி இல்லாமல் மூன்றாவது மாடி எழுப்பினாலும் நாம் முதலில் கேட்பது "கார்ப்பரேஷன் என்ன பண்ணுது?" என்பதைத்தான். கார்ப்பரேஷன் ஒரே ஆள் இல்லை. விதி போடுபவர் ஒருவர், அமல்படுத்துபவர் இன்னொருவர், இரண்டு பேரையும் தடுத்து நிறுத்தக்கூடியவர் கோட்டையில், அதாவது மாநில அரசில், உட்கார்ந்திருக்கிறார். எதற்கு யாரிடம் போவது என்று தெரியாமலேயே நிறைய புகார்கள் அந்தரத்தில் நிற்கின்றன. இங்கே சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளுக்கும் அடிப்படை இதுதான், ஏனென்றால் 2023 ஏப்ரல் முதல் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. சென்னைக்கென்று தனியாக இருந்த 1919ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது விலக்கிக்கொள்ளப்பட்டது.

சரி, சுருக்கமாகச் சொல்லுங்கள். யாருக்கு என்ன வேலை?

மாமன்றம் முடிவெடுக்கும். சென்னையில் 200 வார்டு, 200 கவுன்சிலர்கள். பட்ஜெட், வரி விகிதம், துணை விதிகள் (மாநகராட்சி தன் எல்லைக்குள் போடும் உள்ளூர் விதிகள்), பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் மன்றத்தின் முன் தீர்மானமாக வந்து நிறைவேற வேண்டும். அந்த முடிவுகளை நடத்திக் காட்டுவது கமிஷனர், அதாவது ஆணையர். அவர் மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருக்குக் கீழே துணை ஆணையர்கள், மண்டல அலுவலர்கள், செயற்பொறியாளர், வார்டில் நாம் பார்க்கும் உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், வரி வசூலிக்க வருபவர் என்று ஒரு பெரிய படை. நோட்டீஸ் கொடுப்பது, சீல் வைப்பது, அபராதம் போடுவது, உரிமத்தை ரத்து செய்வது எல்லாம் இந்தப் பக்கத்து வேலை.

விதி மீறினாரா இல்லையா என்று கடைசியாகத் தீர்ப்பு சொல்வது நீதிமன்றம். அது மாநகராட்சிக்கு வெளியே இருக்கிறது.

அப்படியென்றால் மேயர்?

மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். சிவப்பு அங்கி, தங்கச் சங்கிலி, செங்கோல் எல்லாம் உண்டு, ஆனால் ஒரு உதவிப் பொறியாளரை இடமாற்றம் செய்யும் அதிகாரம்கூட நடைமுறையில் அவர் கையில் இல்லை. நகரத்தின் முதல் குடிமகன் என்கிறோம், நகரத்தின் முதல் நிர்வாகி அவர் இல்லை. செல்வாக்குள்ள மேயர் என்றால் கமிஷனரோடு உட்கார்ந்து பேசிக் காரியம் நடத்திவிடுவார், அது ஆளைப் பொறுத்தது. சட்டத்தில் எழுதியிருக்கும் நிர்வாக அதிகாரம் ஆணையருடையது.

அரசியல் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

1992இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம்தான் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது. ஐந்து ஆண்டுக் காலம், இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், 3 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் இருந்தால் வார்டு குழு, இதெல்லாம் கட்டாயம். கட்டாயம் ஆகாதது அதிகாரம். நகரத் திட்டமிடல், கட்டட ஒழுங்கு, குடிநீர், குப்பை என்று 18 பொறுப்புகளை 12ஆவது அட்டவணையில் பட்டியல் போட்டுவிட்டு, இவற்றை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிக்குக் கொடுக்கலாம் என்றுதான் 243டபிள்யூ பிரிவு சொல்கிறது. கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

விளைவை சென்னையில் கண்ணெதிரே பார்க்கலாம். நகரத் திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) கையில். குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான குடிநீர் வாரியத்தின் கையில். மின்சாரம், பஸ், போலீஸ் எதுவும் மாநகராட்சியுடையது இல்லை. சாக்கடை வழிகிறது என்று கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் குடிநீர் வாரியத்துக்குப் போன் போடுவார். நாமே போட்டிருக்கக்கூடிய அதே போன்தான்.

அரசியல் சட்டம் நாடாளுமன்றம், அரசாங்கம், நீதிமன்றம் என்று மேலே பிரித்துக் காட்டும் அதிகாரப் பிரிவினையை நகராட்சிக்கு அப்படியே எழுதிவைக்கவில்லை. இங்கே இருப்பது மன்றத்துக்கும் ஆணையருக்கும் இடையே மாநிலச் சட்டம் போட்ட கோடு. சட்டமன்றத்தில் முதல்வருக்குப் பெரும்பான்மை போனால் ஆட்சி போய்விடும். மாமன்றத்தில் 200 பேரும் சேர்ந்து கமிஷனர் மேல் அதிருப்தி தெரிவித்தாலும், அவரை அனுப்பியது கோட்டை, திரும்ப அழைப்பதும் கோட்டை. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியிருப்போர் சங்கம் தேர்தல் நடத்தி, அந்தச் சங்கத்தின் செயலாளரை மட்டும் பில்டர் நியமித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

துணை விதி எப்படிப் பிறக்கிறது? மன்றம் கை தூக்கினால் போதுமா?

போதாது. வரைவு மன்றத்தின் முன் வர வேண்டும், மக்கள் கருத்துக்கு வெளியிட வேண்டும், மன்றம் நிறைவேற்ற வேண்டும், பிறகு மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும், அரசிதழில் வர வேண்டும். மாநிலச் சட்டத்துக்கோ விதிகளுக்கோ முரணாக இருந்தால் நிற்காது. இந்த நடைமுறையில் நல்லது, கெட்டது இரண்டும் உண்டு. ஒரு வார்டு அரசியலுக்காக அவசரமாக ஒரு விதியைத் திணித்துவிட முடியாது. ஆனால் கோட்டையில் ஒரு கோப்பு தூங்கினால் நகரத்தின் விதியும் தூங்கும்.

சென்னையின் திடக்கழிவு மேலாண்மைத் துணை விதிகள் 2019இல் வந்தன. அப்போது நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்து, தனி அலுவலர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. விதி போட்டதும் அதிகாரிகள், அமல்படுத்த வேண்டியதும் அதே அதிகாரிகள். அந்த விதிகளை வைத்து வீட்டுக்கு மாதம் ரூ.10 முதல் ரூ.100 வரை குப்பைக் கட்டணம் 2021 ஜனவரி முதல் வசூலிக்கப் போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, சட்டமன்றத் தேர்தல் வேறு பக்கத்தில் இருந்தது, நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கட்டணம் சரியா தவறா என்று ஒரு மன்றத்தில் யாராவது எழுந்து நின்று பேசி, ஆதரித்து அல்லது எதிர்த்துக் கை தூக்கி, அது பதிவாகியிருந்தால் நமக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். போட்டதும் அறிவிப்பு, எடுத்ததும் அறிவிப்பு.

மன்றம் தீர்மானம் போட்டால் கமிஷனர் செய்தே ஆக வேண்டுமா?

ஆமாம், நிறைவேற்றுவது அவர் கடமை. தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பானது என்று அவர் நினைத்தால் அரசுக்கு எழுதலாம், அரசு அந்தத் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும். நடைமுறையில் நேரடியாக முடியாது என்று யாரும் சொல்வதில்லை. நிதி இல்லை, டெண்டர் போகவில்லை, அரசாணைக்குக் காத்திருக்கிறோம் என்று மாதங்கள் போகும். அதனால்தான் தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தியைப் பார்த்ததும் சந்தோஷப்படாமல், அடுத்த கூட்டத்தில் அதன் நிலை என்ன என்று கேட்கும் கவுன்சிலர் வேண்டும் என்கிறேன்.

வரி விஷயத்தில் இது தலைகீழாகவும் நடக்கும். 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தும் அறிவிப்பு மாநில அரசிடமிருந்து வந்தது. மன்றங்கள் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. முடிவு மேலே எடுக்கப்பட்டது, கை கீழே தூக்கப்பட்டது. வரி உயர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. நகரம் நடக்கக் காசு வேண்டும். ஆனால் அந்த வாக்குக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் மன்றத்துக்கு வேண்டாம் என்று சொல்லும் இடமும் இருக்க வேண்டும்.

ஒரு விதி மன்றத்திலிருந்து தெருவுக்கு எப்படி வந்து சேர்கிறது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

மாடு. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிவிட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கி எறிந்த கேமரா காட்சியை நம்மில் பலர் பார்த்தோம். சாலையில் மாடு விட்டால் அபராதம் என்பது அதற்கு முன்பே இருந்த விதி. அபராதம் ரூ.2,000 ஆக இருந்ததை ரூ.5,000 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் மாமன்றத் தீர்மானம் வழியாக முதல் முறை ரூ.10,000, மறுபடி பிடிபட்டால் ரூ.15,000 என்று உயர்ந்தது. இதுவரை விதி போடுபவர்களின் வேலை.

இனிமேல்தான் அமலாக்கம். மாடு பிடிக்கும் வண்டி வேண்டும், அதில் போக ஆட்கள் வேண்டும், பிடித்த மாட்டைக் கட்டிவைக்கப் புதுப்பேட்டையிலும் பெரம்பூரிலும் உள்ள தொழுவங்களில் இடம் வேண்டும், தீவனம் வேண்டும். மாட்டின் காதில் அடையாளம் இருந்தால்தான் இது இரண்டாவது முறை என்று நிரூபிக்க முடியும், இல்லாவிட்டால் ரூ.15,000 வெறும் தாளில் இருக்கும். வண்டி வந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள், அப்போது போலீஸ் பாதுகாப்பு வேண்டும். அடுத்தது, யாராவது ஒருவரிடமிருந்து போன் வரும். அபராதத் தொகையை இரண்டு மடங்காக்குவது ஒரு கூட்டத்தில் முடிந்துவிடும். மீதி எல்லாம் ஆள், வண்டி, இடம், துணிச்சல். மன்றம் உண்மையில் கவனிக்க வேண்டிய பகுதி அதுதான்: எத்தனை மாடு பிடித்தீர்கள், எந்த மண்டலத்தில் பிடிக்கவே இல்லை, ஏன்?

மாடு வைத்துப் பால் கறந்து பிழைக்கும் குடும்பங்கள் நகரத்துக்குள் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களுக்குத் தொழுவ இடம் ஒதுக்குவதும் மன்றம் பேச வேண்டிய விஷயமே. அபராதம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மாடு குறையாது, பேரம் பேசுவதுதான் கூடும்.

பக்கத்தில் விதிமீறிக் கட்டுகிறார்கள். கவுன்சிலரிடம் போகவா, அதிகாரியிடம் போகவா?

அதிகாரியிடம், எழுத்தில். கட்டட விதிமீறல் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 56, 57 பிரிவுகளில் இருக்கிறது. 57 என்றால் வேலையை நிறுத்து, 56 என்றால் மீறலை அகற்று. கட்டடத்தின் அளவைப் பொறுத்து அது மாநகராட்சியின் பொறுப்பா சி.எம்.டி.ஏ. பொறுப்பா என்பது மாறும், புகாரை இரண்டு இடத்துக்கும் அனுப்பிவிடுங்கள். கவுன்சிலருக்கு நகல் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அவரால் நோட்டீஸ் கொடுக்க முடியாது.

உரிமையாளர் நோட்டீஸை எதிர்த்து மாநில அரசிடம் மேல்முறையீடு செய்வார். அந்த மனு வீட்டுவசதித் துறையில் இருக்கும்வரை இடிப்பு நடக்காது, கட்டடத்தில் ஆள் குடியேறிவிடும். அரசின் ஒரு கை நோட்டீஸ் கொடுக்கிறது, இன்னொரு கை நீதிபதி இடத்தில் உட்கார்ந்து அந்த நோட்டீஸை விசாரிக்கிறது. இந்த மேல்முறையீடு ஒரு சுதந்திரமான தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், அதற்குக் காலக்கெடுவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தி.நகர் ரங்கநாதன் தெரு கதை இதற்கு நல்ல சாட்சி. பல ஆண்டுகள் கண்ணெதிரே எழுந்த மாடிகள், உயர் நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு, கடைசியில் 2011 அக்டோபர் 31 அன்று ஒரே மூச்சில் கடைகளுக்குச் சீல். பொங்கல் வியாபாரத்தை ஒட்டி உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. கட்டும்போதே ஒரு பொறியாளர் எழுதியிருக்க வேண்டிய நிறுத்த நோட்டீஸ், டெல்லி வரை போன வழக்காக மாறியது.

கவுன்சிலர் போன் போட்டு நடவடிக்கையை நிறுத்தினால்?

இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வேலை நடக்கவில்லை என்றால் அதை ஆணையரின் கவனத்துக்குக் கொண்டுவரவும், மன்றத்தில் கேள்வி கேட்கவும் கவுன்சிலருக்கு உரிமை இருக்கிறது. குறிப்பிட்ட ஒருவர்மேல் நடவடிக்கை எடு, இன்னொருவரை விட்டுவிடு என்று ஊழியருக்கு உத்தரவிட எந்தச் சட்டமும் அவருக்கு அதிகாரம் தரவில்லை. நடப்பது என்ன? உதவிப் பொறியாளர் காலையில் நோட்டீஸ் ஒட்டுகிறார், மத்தியானத்துக்குள் "நம்ம ஆளுதான், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஒரு குரல். அந்தக் குரல் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. பொறியாளர் எதிர்த்து நின்றால் அடுத்த மாதம் வேறு மண்டலம். பணிந்துபோனால், நாளை அந்தக் கட்டடத்தில் ஏதாவது நடந்தால் கையெழுத்து அவருடையது, போன் போட்டவர் பெயர் எங்கேயும் இருக்காது. கவுன்சிலர் மட்டுமல்ல, எம்.எல்.ஏ., மேலதிகாரி, சில சமயம் ஒரே கட்சியின் வட்டச் செயலாளர் என்று எங்கிருந்தும் வரும்.

நான் கேட்பது எளிமையான ஒன்று. வாய்மொழி உத்தரவு வந்தால் அதிகாரி கோப்பில் எழுத வேண்டும்: இன்ன தேதியில் இன்னார் பேசினார், இன்னது சொன்னார் என்று. 2013இல் உச்ச நீதிமன்றம் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் வழக்கில் அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் செயல்படக் கூடாது, எழுத்தில் பதிவாக வேண்டும் என்று சொன்னது. அது ஐ.ஏ.எஸ். போன்ற பெரிய பணிகளை வைத்து வந்த வழக்கு. வார்டு அலுவலகத்துக்கும் அது பொருந்த வேண்டும் என்று மன்றமே ஒரு தீர்மானம் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

அதிகாரி நினைத்தால் உடனே புல்டோசர் கொண்டுவர முடியுமா?

முடியாது. 2024 நவம்பர் 13 அன்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் கொடுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கிவிட்டது. பதிவு அஞ்சலில் நோட்டீஸ் போக வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். பதில் சொல்லக் குறைந்தது 15 நாள். நேரில் கேட்க வேண்டும். காரணம் எழுதிய உத்தரவு வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் 15 நாள், தானே அகற்றவோ மேல்முறையீடு செய்யவோ. இடிப்பைப் படம் பிடிக்க வேண்டும். முன்தேதியிட்டு நோட்டீஸ் தயாரிக்காமல் இருக்க, நோட்டீஸ் கொடுத்த உடனே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போக வேண்டும். மீறி இடித்தால் அதிகாரியே தன் பணத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி அதிகாரப் பிரிவினைதான்: ஒருவர் குற்றவாளி என்று முடிவுசெய்து அவர் வீட்டை இடிக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது, அது நீதிமன்றத்தின் வேலை. சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இந்த வழிமுறை பொருந்தாது. கூவம் கரையில் இருப்பவர்களுக்கு இந்த விதிவிலக்கு எவ்வளவு கடுமையானது என்று சொல்லத் தேவையில்லை.

நடைபாதைக் கடைகளுக்கும் இதே கதிதானா?

இல்லை, அவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ 30 நாள் நோட்டீஸ். கமிஷனர் தலைமையிலான நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பூக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் "சட்டம் தெரியுமா" என்று அதட்டும் அதிகாரிக்கும் இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். நடப்பவர்களுக்கு நடைபாதை வேண்டும் என்பதும் நியாயம். எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே கூடாது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் அந்தக் குழு, அது கூடாவிட்டால் இரண்டு பக்கமும் அநியாயம்.

அபராதம் கேட்டால் அங்கேயே கட்டித்தான் ஆக வேண்டுமா?

சிறு மீறல்களில் ஊழியர் கேட்கும் தொகை பெரும்பாலும் வழக்குக்குப் போகாமல் முடித்துக்கொள்வதற்கானது. நீங்கள் மீறவில்லை என்றால் மறுக்கலாம், அப்புறம் வழக்கு நீதிமன்றத்தில். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எந்த விதியின்கீழ் என்று கேளுங்கள்.

விதி இருந்தும் அமல்படுத்தாவிட்டால் என்ன ஆகும்?

2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை. ஆளும் கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்திருந்த பேனர், இருசக்கர வாகனத்தில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனருக்கு அனுமதி வேண்டும் என்பது பழைய விதி. உயர் நீதிமன்றம் அனுமதியற்ற பேனர்களைப் பற்றி அதற்கு முன்பே பல உத்தரவுகள் போட்டிருந்தது. அந்தச் சாலையில் அன்றும் அதற்கு முந்தைய நாளும் எத்தனை ஊழியர்கள், எத்தனை போலீஸ்காரர்கள் அந்தப் பேனர்களைக் கடந்து போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் யாருக்கும் விதி தெரியாமல் இல்லை. ஆளும் கட்சி பேனரை இறக்கினால் தனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும்.

புதிய சட்டம் தேவை என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழும் குரலைக் கேட்கும்போது எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். அங்கே சட்டத்துக்குக் குறை இல்லை, அதைக் கையில் எடுக்கும் ஊழியருக்குப் பாதுகாப்பு இல்லை.

போலீஸ் மேயர் பேச்சைக் கேட்குமா?

கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. சென்னை மாநகரக் காவல் மாநில அரசின் கீழ். ஆக்கிரமிப்பு அகற்றப் பாதுகாப்பு வேண்டும் என்றால் மாநகராட்சி கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். நடைபாதையில் பைக் நிறுத்தினால் போக்குவரத்துப் போலீஸ், அதே நடைபாதையில் கடை போட்டால் மாநகராட்சி.

மன்றமே இல்லாவிட்டால் நகரம் நன்றாகத்தானே ஓடியது?

இதைப் பலர் சொல்வார்கள். கவுன்சிலர் இல்லாத காலத்தில் கமிஷன் தொல்லை இல்லை, அதிகாரிகள் சுதந்திரமாக வேலை பார்த்தார்கள் என்று. கணக்குப் பார்ப்போம். 1688இல் தொடங்கிய பழம்பெரும் மாநகராட்சி இது. ஊழல் புகாரில் 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது, அடுத்த தேர்தல் 1996இல். மறுபடி 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று இழுத்து, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. இரண்டையும் கூட்டினால், 1973க்கும் 2022க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டில் சுமார் 28 ஆண்டுகள் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. விதிமீறல் மாடிகளில் ஏராளமானவை எழும்பியது இந்தக் காலத்துக்குள்தான்.

மன்றம் கலைந்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று அரசியல் சட்டத்தின் 243யூ பிரிவு சொல்கிறது. காலத்தில் தேர்தல் நடத்துவது தேர்தல் ஆணையத்தின் கடமை என்று 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அப்படியும் இங்கே ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடியது.

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடுமா?

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கிறது. 1996இல் நேரடித் தேர்தலில் மு.க. ஸ்டாலின் சென்னை மேயரானார், 2001இல் மீண்டும் வென்றார். ஒரே நேரத்தில் எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2002இல் கொண்டுவந்தார்கள், அவர் மேயர் பதவியை இழந்தார். 2006இல் மறைமுகத் தேர்தல், 2011இல் நேரடி, 2016இல் மறைமுகம் என்று திருத்தம், பிறகு நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். எந்த முறை நல்லது என்று ஆராய்ந்து இப்படி மாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை, அந்தந்த நேரத்தின் தேர்தல் கணக்கு.

நேரடியாகத் தேர்ந்தெடுத்து, அதிகாரத்தை மட்டும் கமிஷனரிடமே விட்டுவைத்தால் பயன் கொஞ்சம்தான். லட்சக்கணக்கில் வாக்கு வாங்கிய ஒருவர் கோப்பு அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வேறு ஊர்களில் எப்படி?

கொல்கத்தாவுக்கே போவோம். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் சேர்ந்த குழுவிடம் நிர்வாக அதிகாரம் இருக்கிறது, ஒரு சிறிய அமைச்சரவை மாதிரி. கமிஷனர் அந்தக் குழுவின் கண்காணிப்பில் வேலை செய்கிறார். மும்பை நம் மாதிரி, 1888ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே கமிஷனர் கை ஓங்கிய ஊர்.

அமெரிக்காவில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. நியூயார்க்கில் 51 பேர் கொண்ட நகர மன்றம் விதி நிறைவேற்றும், மேயர் மறுத்துத் திருப்பி அனுப்பலாம், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மன்றம் அதை மீறி நிறைவேற்றலாம். துறைத் தலைவர்களை மேயர் நியமிக்கிறார், ஆகவே குப்பை அள்ளாவிட்டால் யாரைத் திட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வகையில் மன்றம் ஒரு தொழில்முறை மேலாளரை வேலைக்கு வைக்கும். ஒஹையோ மாநிலத்தின் டேடன் நகரம் 1913இல் பெருவெள்ளத்தில் மூழ்கிய பிறகு, 1914இல் அந்த முறைக்கு மாறியது. டல்லாஸ், ஃபீனிக்ஸ் போன்ற பெரிய நகரங்கள் இன்றும் அப்படித்தான் நடக்கின்றன. நம் கமிஷனரும் ஒரு வகையில் தொழில்முறை மேலாளர்தான். வித்தியாசம், டேடன் மேலாளரை நியமித்ததும் நகர மன்றம், நீக்கக்கூடியதும் நகர மன்றம்.

கமிஷனரை மன்றத்தின் கீழ் கொண்டுவந்தால் அரசியல் தலையீடு இன்னும் கூடாதா?

நியாயமான பயம். தலையீடு இப்போதும் இருக்கிறது, பதிவில்லாமல் இருக்கிறது என்பதுதான் என் பதில். எனக்குச் சரியென்று படுவது இது: ஒட்டுமொத்தமாக வேலை நடந்ததா என்பதற்குக் கமிஷனர் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், குறிப்பிட்ட ஒரு கட்டடம், ஒரு கடை, ஒரு அபராதம் பற்றிய முடிவில் மன்றமோ மேயரோ தலையிடக் கூடாது. ஒரு மண்டலத்தில் ஏன் நோட்டீஸே போகவில்லை என்று மன்றம் கேட்கலாம், கேட்க வேண்டும். இன்ன கதவு எண்ணுக்கு நோட்டீஸ் போகக் கூடாது என்று சொல்லக் கூடாது. அமலாக்க ஊழியர்களுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் உறுதியாக வேண்டும், இல்லாவிட்டால் இடமாற்றம் என்ற ஒரு தாள் போதும் எல்லாவற்றையும் முடித்துவிட.

சரி, நான் என்ன செய்யலாம்?

புகாரை மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணிலோ செயலியிலோ பதிந்து புகார் எண் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு ஆயுள் இல்லை. நடவடிக்கை முடிந்தது என்று பொய்யாக மூடிவிட்டால், புகைப்படத்தோடு மண்டல அலுவலருக்கு எழுதுங்கள். அதன் பிறகு தகவல் உரிமைச் சட்டம்: என் புகாரின் மீது எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல், நோட்டீஸ் நகல், கள ஆய்வு அறிக்கை. 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும், தாளைக் கேளுங்கள்.

கவுன்சிலரிடம் வேறு மாதிரி உதவி கேளுங்கள். உங்கள் ஒரு புகாரைத் தீர்த்துவைக்கச் சொல்வதைவிட, மன்றத்தில் இந்த வார்டில் இந்த ஆண்டு எத்தனை நிறுத்த நோட்டீஸ், எத்தனை சீல், எத்தனை பாக்கி என்று கேட்கச் சொல்லுங்கள். மன்றத்தில் கேட்ட கேள்வியும் பதிலும் பதிவாகும்.

கவுன்சிலருக்குப் பதிலாக அவர் கணவர் வருகிறாரே?

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு. வாக்கு வாங்கியவர் அந்தப் பெண். கணவருக்கு எந்த அதிகாரமும் இல்லை, அதிகாரிகள் அவர் சொல்வதைக் கேட்கவே கூடாது. கூட்டத்தில் அந்த அம்மாவிடமே நேரடியாகப் பேசுங்கள், பல பேர் நன்றாகவே பதில் சொல்வார்கள்.

வார்டு குழு, ஏரியா சபை எல்லாம் எதற்கு?

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் முறையாக ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வர் ஸ்டாலினே உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் ஒரு குழு, வார்டுக்குள் பல ஏரியா சபைகள். குறை என்னவென்றால் ஏரியா சபைப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள், அதனால் பல இடங்களில் கவுன்சிலரின் ஆட்களே நிரம்பியிருக்கிறார்கள்.

ஆனாலும் போங்கள். அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போகலாம், பேசலாம். உதவிப் பொறியாளரும் கவுன்சிலரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் அரிய இடம் அது. போன் வந்ததா இல்லையா என்பதை இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம். கேட்டதும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, குறிப்பின் நகலை அடுத்த வாரம் வார்டு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.